நலங்குக்கு வைத்த குடம்

என் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், நலங்கில் என்ன விளையாட்டு வைப்பது என்று இரண்டு வீட்டுப் பெண்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பலகையில் குனிந்த தலையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வாய் வந்திருக்காது. ஐந்தாவது வரைக்கும் படித்த பள்ளிக்கூடத்திலேயே, டீச்சர் என் பேரைக் கூப்பிட்டால் பக்கத்தில் உட்கார்ந்த பெண்தான் எனக்குப் பதிலாக 'உள்ளேன்' சொல்லுவாள்.

எங்கள் வீடு திருவொற்றியூருக்கு வடக்கே, கடலோரக் குப்பத்தில். மாப்பிள்ளை வீடு ராயபுரம். அவருக்கு ஹார்பரில் வேலை. அவர்களும் கடலுக்குப் பக்கத்தில்தான் இருந்தார்கள், ஆனால் கடலுக்குப் போகிறவர்கள் இல்லை. அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாப்பிள்ளையின் அக்காதான் அந்தப் பக்கத்துக்குப் பெரியவள். நல்ல உயரம், கணீரென்ற குரல். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே விளையாட்டுச் சாமான்களையும் கொண்டுவந்துவிட்டாள். ஒரு பித்தளைக் குடம், ஒரு கட்டு அப்பளம், மட்டைத் தேங்காய், கனகாம்பரம் சுற்றிய பூப்பந்து. மாப்பிள்ளைக்குப் பதிலாக அக்காவே பெண்ணோடு விளையாடுவது அவர்கள் வீட்டு வழக்கமாம். மஞ்சள் தண்ணீர்க் குடத்தில் மோதிரத்தைப் போட்டு இரண்டு பேரும் கையை விட்டுத் தேடவேண்டும். யார் கைக்குக் கிடைக்கிறதோ அவர்கள் கைதான் வீட்டில் ஓங்கும் என்று சொல்லிச் சிரித்தாள்.

எங்கள் பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் விடியற்காலையில் மரம் தள்ளிக்கொண்டு போயிருந்தான். கட்டுமரத்தை நாங்கள் மரம் என்றுதான் சொல்லுவோம். கூட எங்கள் சித்தப்பா. மறுவீட்டுக்குப் பெண்ணோடு போகிற மீன், பெண்ணின் அண்ணன் கையால் பிடித்ததாக இருக்கவேண்டும். அதற்காகத்தான் போனான். மதியத்துக்குள் வாடைக்காற்று ஏறிவிட்டது. மற்ற மரமெல்லாம் அலையில் தூக்கி எறியப்பட்ட மாதிரி ஒவ்வொன்றாகக் கரை ஏறின. அண்ணனுடைய மரம் ஏறவில்லை. வயதாகிக் கடலை விட்டுவிட்ட அப்பா, எங்கள் நைனா, மணலை விட்டு வீட்டுக்கே வரவில்லை. ஆண்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள்.

எங்கள் குப்பத்தில் சில கட்டுப்பாடு உண்டு. வீட்டு மரம் வெளியே இருக்கும்போது தண்ணீரில் எதையும் முழுக விடக்கூடாது, பாத்திரம் எதையும் கவிழ்த்து வைக்கக்கூடாது. குடமோ சட்டியோ வாய் மேலே பார்த்துத்தான் இருக்கவேண்டும். இன்னொன்று, 'வரவில்லை' என்ற சொல்லை வீட்டுப் பெண்கள் வாயால் சொல்லக்கூடாது. எத்தனை நேரம் ஆனாலும் 'வந்துகினு கீறான்' என்றுதான் சொல்லவேண்டும். சொன்னால் அது பலித்துவிடும் என்று பயம். அதனால் சம்பந்தி வீட்டுக்காரர்கள் மைத்துனன் எங்கே என்று கேட்டபோதெல்லாம் அம்மா அந்த ஒன்றையே சொன்னாள். அவர்களும் பக்கத்துத் தெருவில் இருந்து வருகிறான் போல என்று நினைத்துக்கொண்டார்கள்.

காரணத்தைச் சொல்ல முடியாது, ஆனால் விளையாட்டைத் தடுக்கவேண்டும். அந்த வேலை என் அத்தை தலையில் விழுந்தது. அத்தைக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. குடத்து விளையாட்டு வேண்டாம், பெண்ணுக்குச் சளி, தண்ணீரில் கைவிட்டால் ஆகாது என்றாள். சரி, தேங்காய் உருட்டலாம் என்றார்கள். அத்தைக்கு அது அலையில் உருளுகிற கட்டையாகத் தெரிந்ததோ என்னவோ, தரை மேடுபள்ளம், தேங்காய் ஓடாது என்றாள். சாணி போட்டு மெழுகி வழவழவென்று இருந்த தரை அது. தலையைச் சுற்றி அப்பளம் உடைக்கலாம் என்றதும் அவள் முகம் வெளுத்துப் போயிற்று. உடைப்பது என்ற பேச்சே அன்றைக்குக் கேட்க முடியவில்லை. அப்பளத்துக்கு என்ன சாக்கு சொன்னாள் என்று இப்போது ஞாபகம் இல்லை. எதுவும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அப்பளக் கட்டை எடுத்து முறத்துக்கு அடியில் வைத்துவிட்டாள்.

மிச்சம் பூப்பந்து. அதை மட்டும் ஆடினோம். அக்கா உருட்டி விடுவாள், நான் உருட்டி விடவேண்டும். எனக்குக் கூச்சம். அதோடு காது முழுக்கக் கடல் சத்தம். முந்தானைக்குள் இருந்து கையை வெளியே எடுக்காமலே, துணியோடு சேர்த்துப் பந்தைத் தள்ளினேன்.

அதுதான் தப்பாகப் போயிற்று. ராயபுரத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வயதான ஒருத்தி, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்.

"தண்ணில கைய வுட மாட்டேன்றா, பந்த புடிக்க மாட்டேன்றா. பொண்ணு கைல இன்னாமோ கீதுமே. வெள்ள கிள்ள கீதோ?"

வெண்குஷ்டமோ என்கிற அந்தச் சந்தேகம் எல்லோர் காதிலும் விழுந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் 'வந்துகினு கீறான்' என்பதைத் தவிர வேறு பேச்சே பேசாமல் இருந்தவள். அத்தை ஏதோ சொல்லவந்து பாதியில் நிறுத்தினாள். எதைச் சொன்னாலும் அண்ணனைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

மாப்பிள்ளையின் அக்கா எழுந்தாள். கோபம் இல்லை, ஆனால் சிரிப்பும் போய்விட்டது. குடத்தை இழுத்து என் முன்னால் வைத்தாள். மஞ்சள் தண்ணீர் தளும்பியது. விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இந்தா பொண்ணே. எங்க தம்பி நாளைக்குப் புடிக்கப் போற கை. நாங்க இன்னிக்குப் பாத்துக்கறோம். ஒரே ஒரு தபா உள்ள வுட்டுட்டு எடுத்துடு."

மோதிரத்தைக் குடத்து வாய்க்கு நேரே பிடித்தாள். அவள் விரல் விட்டால் அது கீழே போய்விடும். எனக்கு அந்தத் தண்ணீர்தான் தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கையையும் முந்தானையில் இருந்து எடுத்துக் குடத்தின் வாயை மூடினேன்.

"போடாதீங்க அண்ணி. எங்க அண்ணன் மரம் இன்னும் வரல."

என் வாழ்க்கையில் அத்தனை பேர் நடுவில் நான் பேசிய முதல் பேச்சு அது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடித்திருந்தால்கூடத் தேவலை.

ராயபுரத்துக்காரர்களுக்கு அப்போதுதான் புரிந்தது. அக்கா என் கையை எடுத்து, அப்படியும் இப்படியும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, அப்படியே தன் மடியில் வைத்துக்கொண்டாள். இதை முன்னாடியே சொல்லக்கூடாதா, நாங்கள் என்ன அன்னியமா என்று அத்தையைக் கேட்டாள். கண் கலங்கியிருந்தது. இனிமேல் எந்த விளையாட்டும் வேண்டாம் என்று தானே சொல்லி, தானே குடத்தைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் தண்ணீரைக் கொட்டினாள். நல்ல பெண் அவள். வேலையில் சுத்தமான கை. தண்ணீர் வடியட்டும் என்று, எந்த வீட்டுப் பெண்ணும் செய்கிற மாதிரி, குடத்தைச் சுவரோரம் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள்.

அத்தை மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. அம்மா ஓடிப்போய் நிமிர்த்தி வைத்தாள். குடத்து வாயில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்துக்கொண்டே வெகுநேரம் அங்கேயே குந்தியிருந்தாள். என்ன செய்தோம் என்று தெரியாமல் அக்கா நடுவீட்டில் நின்றாள்.

அண்ணனும் சித்தப்பாவும் மறுநாள் விடிந்ததும் கரையோரமாகவே நடந்து வந்து சேர்ந்தார்கள். காற்று அவர்களைத் தெற்கே தள்ளிக்கொண்டுபோய், ராயபுரம் பக்கம் கரையில் கொட்டியிருந்த கல்லில் மோதவிட்டது. கட்டு அறுந்து மரம் பிரிந்து போயிற்று. மீனும் இல்லை. அண்ணன் யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு வந்து, மைத்துனன் செய்யவேண்டிய சடங்கைச் செய்தான். அவன் அள்ளிப் போட்ட பொரி பாதி என் கையில் விழுந்தது, பாதி கீழே விழுந்தது. கல்யாணம் நடந்தது.

ஆள் வந்துவிட்டானே என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா சொல்லவில்லை. வந்தது பாதி ஆள்தான். அன்றைக்குப் பிறகு அண்ணன் கடலில் கால் வைக்கவில்லை. சித்தப்பா வேறு வீட்டு மரத்தில் போனார். இவன் போகவில்லை. கல்லில் மோதும்போது என்ன பார்த்தான் என்று யாருக்கும் சொல்லவும் இல்லை. எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் மூட்டை தூக்கப் போனான். சாயங்காலம் வீடு வந்தால் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான். குப்பத்தில் அவனைச் சின்னப் பிள்ளைகள்கூடக் கேலி பேசினார்கள்.

அம்மா என்னிடம் நேராக ஒன்றும் கேட்டதில்லை. நான் பிறந்த வீட்டுக்குப் போகும்போது, அத்தையிடம் பேசுகிற சாக்கில் என் காதில் விழுகிற மாதிரி சொல்லுவாள். வரலன்னு இவ வாய் தொறந்து சொல்லிட்டா, மரம் போச்சு, அவன் மனசும் போச்சு. கவிழ்த்த குடத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சம்பந்தி வீட்டு மரியாதை.

ஆனால் ராயபுரத்து வீட்டில் அந்த அக்கா, யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளோ, தானாகவே ஒன்று செய்தாள். நான் அந்த வீட்டுக்குப் போன நாளில் இருந்து அங்கே ஒரு பாத்திரம் கவிழ்ந்து நான் பார்த்ததில்லை. தேய்த்துக் கழுவிய குடம், அடுக்கு, டம்ளர் எல்லாம் வாய் மேலே பார்த்து நிற்கும். கரித்தூள் பறக்கிற தெரு அது. ஒவ்வொரு தடவையும் உள்ளே துடைத்துவிட்டுத்தான் தண்ணீர் பிடிக்கவேண்டும். அக்கம்பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். அக்கா பாட்டுக்குத் துடைத்துக்கொண்டிருப்பாள். என்னிடமும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் வாய் திறந்து கேட்டதில்லை. அண்ணன் இனிமேல் கடலுக்குப் போகப் போவதில்லை என்று அவளிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

என் மூத்த பிள்ளை பிறந்தபோது அம்மா ராயபுரத்துக்கு வந்தாள். அடுப்படிக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பித்தளைக் குடம் உட்பட எல்லாம் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு இருந்தன. அக்கா அவள் பின்னாலேயே வந்து, தப்பு செய்த பிள்ளை மாதிரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கு இருந்த பயம் எனக்கும் இருந்தது.

அம்மா கீழே உட்கார்ந்தாள். அந்தப் பித்தளைக் குடத்தை எடுத்து முந்தானையால் உள்ளே துடைத்தாள். பிறகு தரையில் கவிழ்த்து வைத்தாள். அடுத்தது அடுக்கு. அடுத்தது சொம்பு. ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டே வந்தாள்.

"வேணாம்மா," என்றாள் அக்கா.

"எங்க வூட்ல இனிமே யாரு கீறான் கடல்ல?" என்றாள் அம்மா. டம்ளர்களையும் எடுத்துக் கவிழ்த்தாள்.