விளங்கிய குற்றம்

கிளெமென்ற் பெர்னாண்டோவுக்கு வலது காது கேட்காது. இருபத்திரண்டு வருடம் கொழும்புத் துறைமுகத்தில் மூழ்கி, கப்பல்களின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டியதில் அந்தக் காது போய்விட்டது. இடது காது நன்றாகக் கேட்கும். அந்த ஒற்றைக் காதால் அவர் கேட்டதுதான் என் தம்பியைக் காப்பாற்றியது. அதே காதால்தான் அவருடைய வேலையும் போனது. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அறுபத்தொரு வயதில் என்ன கோபம் என்று யாரும் கேட்க வேண்டாம்.

நான் சுபோதினி. வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டில் தனியாக இருக்கிறேன். முப்பத்தொரு வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். சனங்கள் நிரப்பிய படிவங்களில் பொய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. நீரிழிவை மறைத்தவர்கள், வயதை மறைத்தவர்கள், செத்துப்போன அப்பாவையே மறைத்தவர்கள் எல்லோரையும் பிடித்திருக்கிறேன். அலுவலகத்தில் எனக்குப் பின்னால் என்னை 'ஸ்கானிங் மெஷின்' என்று சொல்வார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

போன மாசியில் என் தம்பி ராகுலன் ரொறன்ரோவிலிருந்து மனைவி சாம்பவியோடு வந்தான். கலியாணம் முடித்து முப்பது வருடமாம். அதைக் கொண்டாடக் கடலுக்குப் போக வேண்டுமாம், அதுவும் வாடகைக்கு எடுத்த தனி உல்லாசப் படகில், யொட்டில்.

"அக்கா, கண்ட கண்ட ஆக்களோட நெருக்குப்பட்டுப் போறேல்லை. எங்களுக்கெண்டு ஒரு யொட். கல்கிசைக்கு நேர வெளியில பாறை இருக்காம். அதில இறங்கி மீன் பாக்கிறது. நீயும் வா."

முகமூடியும் மூச்சுக் குழாயும் மாட்டிக்கொண்டு, தண்ணீரில் குப்புற மிதந்தபடி கீழே மீன் பார்ப்பதைத்தான் சொன்னான். இங்கே இருந்த காலத்தில் ரெயிலுக்காக வெள்ளவத்தை ஸ்ரேசனில் நிற்கும்போது கடலைப் பார்த்ததோடு சரி. முழங்காலுக்கு மேல் நனைந்தவன் இல்லை. கனடாவுக்குப் போனால் நீச்சலும் சேர்ந்து வந்துவிடும்போல. நான்தான் என் பெயரில் பதிவு செய்தேன்.

இறங்குதுறையில் எங்களை வரவேற்றவர் கிளெமென்ற். ஐம்பது வயது இருக்கும். ஒடுங்கிய இடுப்பு, தடித்த தோள், சட்டையில் பெயர்ப் பட்டி. பெர்னாண்டோ என்ற பெயரைப் பார்த்ததும் சிங்களவர் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். என்னைவிடப் பத்து வயதுதான் இளையவராக இருப்பார், ஆனாலும் "மல்லி, வத்துர டிக்கக்" என்று, கடைப் பையனைத் 'தம்பி' என்று கூப்பிடுவதுபோல, சிங்களத்தில் தண்ணீர் கேட்டேன். ஒரு போத்தலைத் திறந்து இரண்டு கையாலும் தந்தார்.

பிறகு ஒரு படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். ராகுலனின் மூக்குக்கண்ணாடி பையில் இருந்ததால் நான்தான் நிரப்பினேன். ஏழாவது கேள்வி: கடந்த ஒரு வருடத்துக்குள் இதயத்துக்கு ஏதாவது சிகிச்சை நடந்ததா?

மார்கழியில்தான் அவனுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஏழு கிழமை. நான் அவனைப் பார்த்தேன்.

"இல்லையெண்டு போடு அக்கா. ஓமெண்டு போட்டால் இறக்கமாட்டாங்கள்."

"இஞ்சாருங்கோ, ஆறு மாசத்துக்கு நீந்தக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவரெல்லே?" என்றாள் சாம்பவி.

"நானென்ன நீந்தவே போறன்? மிதக்கத்தானே போறன்."

"மெதுவாக் கதையுங்கோ. அந்தாள் நிக்குது."

"அவனுக்கு விளங்காது" என்றான் ராகுலன்.

நான் 'இல்லை' என்ற பெட்டியில் சரி போட்டேன். முப்பத்தொரு வருடம் இந்தப் பொய்யைப் பிடித்த அதே கை. வேலியே பயிரை மேய்ந்தது.

அதோடு நிறுத்தினோமா? யொட் வெளிக்கிட்டு ஒரு மணித்தியாலம் அந்த மனிதரை வைத்துக்கொண்டே வாய்க்கு வந்ததையெல்லாம் கதைத்தோம். நாக்குக்குக் கீழே அடிக்கிற மருந்து தன் கைப்பையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சாம்பவி விளக்கம் கொடுத்தாள். நேற்றுப் படியேறும்போது நெஞ்சு இறுக்கினது பற்றி ராகுலன் ஒரு நகைச்சுவை சொன்னான். பிறகு கிளெமென்றைக் கண்ணால் காட்டி, "ஆளைப் பார், ரோட்டுக்கு ஊத்துற தார் மாதிரி. இரவில சிரிச்சால்தான் கண்டுபிடிக்கலாம்" என்றான். நானும் சிரித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும். சுவருக்கும் காதுண்டு என்று சொல்கிற சனம் நாங்கள். அந்த மனிதரை ஒரு சுவராகக்கூட மதிக்கவில்லை.

பாறைக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டார்கள். ராகுலன் உயிர்காப்பு அங்கியைக் கட்டி, காலில் நீச்சல் துடுப்பு மாட்டி, யொட்டின் பின்படியில் குந்தினான். சாம்பவி படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கினாள். கிளெமென்ற் அவனுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, இரண்டு துடுப்பையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஏதோ சரிப்படுத்துகிறார் என்று நினைத்தோம். கழற்றியவற்றைத் தனக்குப் பின்னால் வைத்துவிட்டுத் தமிழில் சொன்னார்.

"ஐயா, நீங்க எறங்க ஏலாது. நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சு ஏழு கிழம. இன்டைக்கு நீரோட்டமும் கூட. ஒங்க மனைவியும் அக்காவும் வேணுமெண்டா எறங்கட்டும், நான் பாத்துக்கிறேன்."

என் முகம் எரிந்தது. தார் என்றதும் சிரித்ததும் வரிசையாக ஞாபகம் வந்தன.

இந்த இடத்தில் மனிதராய்ப் பிறந்தவர் என்ன சொல்வார்? தலையைக் குனிந்து ஒரு மன்னிப்புக் கேட்பார். சாம்பவி சொன்னது இது: "தமிழ் தெரிஞ்சுகொண்டு இவ்வளவு நேரமும் எங்கட கதையை ஒட்டுக் கேட்டுக்கொண்டு நிண்டிருக்கிறீர்!"

ராகுலன் எழும்பிவிட்டான். "நான் முழு யொட்டுக்கும் காசு கட்டி வந்தனான். நீ ஆர் என்னை மறிக்க? உன்ர முதலாளியிட்ட சொல்லி உன்னைத் தூக்கிறன் பார்."

"சொல்லுங்க ஐயா. ஏற்கெனவே எம்மேல ஒரு கம்ப்ளேன் இருக்கு. இன்னொண்டு வந்தா எனக்கு வேல இல்ல. மொதலாளி சொல்லியே வெச்சிருக்கார். எண்டாலும் எறக்க மாட்டேன்."

சத்தம் போடாமல், துடுப்பைத் துடைத்தபடி சொன்னார். அவர் வேலை அந்தத் துடுப்போடு சேர்ந்து அவர் கையில் இருந்தது. ராகுலனை இறக்கியிருந்தால் வேலை மிஞ்சியிருக்கும்.

யாரும் இறங்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ராகுலன் கைப்பேசியில் முறைப்பாடு எழுதினான். கரையில் முதலாளி மக்கீன் காத்து நின்றார். ராகுலன் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினான். இந்த ஆள் எங்களை உளவு பார்த்தான், தூஷணத்தால் பேசினான், என் மனைவியை வெருட்டினான். அத்தனையும் பொய். ஸ்டென்ட் என்ற சொல் அவன் வாயிலிருந்து வரவே இல்லை.

மக்கீன் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே மேடம் புக் பண்ணின. நீங்க சொல்லுங்க, இவர் கெட்ட வார்த்த பேசினாரா?"

கிளெமென்ற் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு 'இல்லை' போதும். காலையில் அதே சொல்லைப் படிவத்தில் எவ்வளவு சுகமாகப் போட்டேன்! நான் கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். கண்ணாடி என் மூக்கிலேயே இருந்தது.

என் மௌனத்தை மக்கீன் 'ஓம்' என்று எடுத்துக்கொண்டார். "கிளெமென்ற், நாளைக்கு வர வேணாம்" என்றார். கிளெமென்ற் பெயர்ப் பட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தம்பியும் மனைவியும் விமானம் ஏறிய பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மக்கீனுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். கொடுக்குமுன் கிளெமென்றிடம் காட்டுவோம் என்று, யொட்டில் வேலை செய்த ஒருவரிடம் இடம் கேட்டுக் கொட்டாஞ்சேனைப் பக்கம் கொச்சிக்கடைக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை என்பதை மறந்துவிட்டேன். செவ்வாய்தோறும் திரளுகிற அந்தோனியார் கோயில் சனத்துக்குள் நசிந்து, பின்பக்க ஒழுங்கையில் வீட்டைக் கண்டுபிடிக்கவே அரை மணித்தியாலம் போனது. அவருடைய மனைவி மேபல் கதவைத் திறந்து, நான் யாரென்று தெரிந்ததும் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் கதிரை போட்டு, உள்ளே இருந்த கிளெமென்றைக் கூப்பிட்டார்.

அங்கேதான் அவருடைய கதை எனக்குத் தெரியவந்தது. தகப்பன் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். கிளெமென்ற் பத்து வயதில் அலைதாங்கிச் சுவரிலிருந்து குதித்து நீச்சல் பழகியவர். பதினெட்டில் மூழ்காளி வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். கலங்கிய தண்ணீரில், தன் கையே தெரியாத இருட்டில், தலைக்கு மேலே கப்பல் நிற்கச் சுரண்டுகிற வேலை. காது போனதும் அதை விட்டுச் சுற்றுலாப் படகுகளுக்கு வந்திருக்கிறார்.

"அந்த முதல் கம்ப்ளேன் என்ன?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு வெளிநாட்டுக்காரர். நெஞ்சு வருத்தம் இருந்திருக்கு, படிவத்துல இல்லெண்டு போட்டார். தண்ணில குப்புற மெதந்துட்டே இருந்தார், மீன் பாக்கிறார் எண்டு நெனச்சேன். பெரட்டிப் பாத்தா மொகம் நீலம். கர வரைக்கும் நெஞ்ச அமத்திட்டே வந்தேன். சரிவரல்ல. நான் பாக்காம வுட்டேன் எண்டு அவங்க வீட்டாக்கள் எழுதிக் குடுத்துட்டாங்க." என்னைப் பார்த்தார். "அவரும் மெதக்கத்தான் மேடம் போனது."

மேபல் உள்ளே எழும்பிப் போனார்.

"தமிழ் எண்டு நீங்கள் முதலிலயே ஏன் சொல்லேல்லை? சண்டைக் காலத்துச் செக்பொயின்ற் பயமோ?"

கிளெமென்றுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமிக்குப் பயந்தா? சேச்சே. ஒங்க ஆக்களுக்குத்தான். தமிழ் எண்டு தெரிஞ்சா மொதக் கேள்வி 'எந்த ஊர்?' கொட்டாஞ்சேன எண்டு சொல்லுவேன். 'அது சரி, சொந்த ஊர்?' எண்டு கேப்பாங்க. எங்க ஆக்கள் தூத்துக்குடிப் பக்கத்துலருந்து வந்த கடல்காரங்க எண்டு சொன்னா 'ஆ' எண்டு ஒரு இழுவ. அதுக்குப் பொறவு கதைக்கிற வெதமே மாறிடும். அதவிட 'மல்லி' நல்லம்."

அந்த 'ஆ' எனக்குத் தெரியும். என் வீட்டில் எத்தனையோ பேருக்கு, சாதி பிடிபட்டதும், நான் அப்படி இழுத்திருக்கிறேன். கடிதத்தை எடுத்து நீட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"மிஸ்அன்டர்ஸ்டான்டிங் எண்டு போட்டிருக்கீங்க."

"ஓம். ஒரு சின்ன விளங்காத்தனம் நடந்துபோச்சு எண்டு…"

"மேடம், எனக்கு வெளங்கினதாலதானே வேல போச்சு."

கடிதத்தை மடித்து என் பக்கம் தள்ளினார். பணிவாகத்தான் தள்ளினார். எனக்கு உச்சியில் அடித்ததுபோல இருந்தது. கண்ணியமான கடிதம் எழுதிவிட்டேன் என்று பத்து நாளாக எனக்கு நானே முதுகு தட்டிக்கொண்டிருந்தேன். அதில் ராகுலனின் பெயர் இல்லை, ஸ்டென்ட் இல்லை, சரி போட்ட கையும் இல்லை. தம்பிக்கும் நோகாமல், எனக்கும் நோகாமல், வேலை போனவருக்கு ஆறுதல் பரிசு. என்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் அதற்கு முன் வந்ததே இல்லை.

அதை அவர் முன்னாலேயே கிழித்தேன். மேபலிடம் தாள் வாங்கி, அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே தமிழில் எழுதினேன். நோயாளியின் முழுப்பெயர், ஸ்டென்ட் வைத்த திகதி, வைத்தியர் விதித்த தடை, பொய் சொல்லச் சொன்னது யார், ஏழாவது கேள்விக்குச் சரி போட்டது யாருடைய கை, கரையில் கேட்டபோது வாய் திறக்காமல் நின்றது யார். இழப்பீட்டுக் கோப்பு எழுதுகிற மாதிரியே எழுதினேன். கீழே கையெழுத்து, அடையாள அட்டை இலக்கம். மேபல் பால் இல்லாத பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார். அதைக் குடிக்க எனக்கு முகம் இல்லை; என் பையில் இருந்த போத்தல் தண்ணீரைத்தான் குடித்தேன்.

அன்றைக்கே மக்கீனின் கந்தோருக்குப் போய்க் கையில் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார். "அன்டைக்கே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார். சொல்லியிருக்கலாம்தான். என் முன்னாலேயே கிளெமென்றுக்குப் போன் போட்டார். சனிக்கிழமை கிளெமென்ற் வேலைக்குப் போய்விட்டார்.

கடிதத்தின் படம் ஒன்றை மக்கீன் ராகுலனுக்கும் அனுப்பியிருக்கிறார். ஞாயிறு காலை போன் வந்தது. ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை.

"ஒரு கொட்டாஞ்சேனைக் கடல்காரனுக்காகக் கூடப்பிறந்தவனைக் காட்டிக் குடுத்திட்டாய் என்ன? என்ர வருத்தத்தை ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்க நீ ஆர்? இனி உன்ர முகத்தில முழிக்கமாட்டன் அக்கா. நீ செத்தாலும் வரமாட்டன்!"

மூச்சு விடாமல் கத்தினான். கத்தி முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கத்து ராகுலன், நல்லாக் கத்து. உனக்கு இண்டைக்குக் கத்துறதுக்கு மூச்சிருக்கெண்டால், அது அந்தக் கடல்காரன் தந்தது."

ராகுலன் போனை வைத்துவிட்டான். நான் திருப்பி எடுக்கவில்லை.