தட்டோடு போன கைப்பேசி

என் கைப்பேசியில் ஒரு விளையாட்டு இருக்கிறது. கட்டைகளை அடுக்க வேண்டும், அவ்வளவுதான். பால் பொங்கினால் அப்படியே கவிழ்த்துப் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடலாம். இரண்டு நாள் கழித்துத் திறந்தாலும் விட்ட இடத்திலேயே நிற்கும். ஏன் வரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது. என் மாமியார் வீட்டு ஆட்கள் அதனிடம் பாடம் படிக்கலாம்.

என் வீட்டுக்காரர் ஆடுவது வேறு ரகம். கோட்டை, படை, கூட்டணி. மாக் மண்டின் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்பவர்கள்தான் வீரர்கள், இவர் தளபதி. வீட்டில் ஒரு பல்பு மாற்றத் துப்பில்லாத தளபதி. பாதியில் நிறுத்தினால் கூட்டணியே தோற்றுவிடுமாம். வெளியேறும் பொத்தானை அமுக்கினாலோ, உண்மையாகவா, நன்றாக யோசித்தீர்களா, உங்கள் வீரர்கள் அழுகிறார்களே என்று அது ஒப்பாரி வைக்கும். புலிவாலைப் பிடித்த கதைதான். சாப்பாட்டு மேசையில், ஃபெரிப் படகில், கோயில் வரிசையில், எங்கும் குனிந்த தலை.

அந்தக் குனிந்த தலையைப் பார்த்தே வளர்ந்தவள் என் மகள். பள்ளியில் பரிசு வாங்கி வந்து காட்டினால் தலை ஆடும், கண் வராது. அதனால் கல்யாணப் பேச்சு எடுத்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. கூப்பிட்டால் நிமிர்ந்து பார்க்கிற ஆள் வேண்டும். படிப்பு, சம்பளம், கார் எதையும் அவள் கேட்கவில்லை.

நிபோங் திபாலிலிருந்து ஒரு வரன் வந்தது. சூலியா தெருவில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் இருவரும் சந்தித்தார்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை பையன் கைப்பேசியை வெளியே எடுக்கவே இல்லையாம். மகள் முகத்தில் அன்றைக்கு அப்படி ஒரு வெளிச்சம். குழம்புக் கையோடு எப்படி எடுப்பான் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை.

நிச்சயதார்த்தம் எங்கள் அடுக்குமாடி வீட்டில். இன்று ஒரு நாளாவது அந்தச் சனியனை அணைத்து வையுங்கள் என்று காலையிலேயே சொல்லிவிட்டேன். மனிதர் பெரிதாகத் தலையாட்டினார். தட்டு மாற்றும் நேரம் வந்தது. இரண்டு அப்பாக்களும் எதிரெதிரே நின்றார்கள். அங்கே கோட்டையில் என்ன தீப்பிடித்ததோ, இவர் கைப்பேசியை வெற்றிலைக்கும் ஆப்பிளுக்கும் நடுவே மல்லாத்தி வைத்து, கட்டைவிரலால் போர் நடத்திக்கொண்டே தட்டை நீட்டினார். சம்பந்தியும் தம் தட்டைக் கொடுத்துவிட்டு இதை வாங்கிக்கொண்டார்.

மாற்றிய தட்டிலிருந்து ஒரு பாக்கைக்கூடத் திருப்பி எடுக்கக் கூடாது, அபசகுனம். இதில் கைப்பேசியைக் கேட்டு வாங்குவதா? மாப்பிள்ளைக்கு நாங்கள் செய்யும் சீர் என்றே சம்பந்தியம்மா நினைத்துவிட்டார். எதற்கு இவ்வளவு செலவு என்று பூரித்துப் போனார். கண்ணாடியில் இருந்த கீறலை அவர் பார்க்கவில்லை.

இவருக்கோ உயிர் போகிறது. மெல்ல நகர்ந்து மாப்பிள்ளை காதில் ஏதோ ஓதினார். வடக்கு வாசலைக் காக்கச் சொல்லியிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. மாப்பிள்ளை தட்டிலிருந்து கைப்பேசியை எடுத்தார். பெரியவர் பேச்சுக்கு மரியாதை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் விரல்கள் போன வேகம் இருக்கிறதே, அது பழகிய கை. நமக்கு வாய்த்திருப்பது இன்னொரு தளபதி என்று புரிந்துபோயிற்று.

மோதிரம் போட வேண்டும். மகள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர்கள் பக்கத்துப் பெரியவர் கூப்பிட்டார், மாப்பிள்ளை நிமிரவில்லை. கடைசியில் மகளே கூப்பிட்டாள்.

“வெயிட் லா,” என்றார் குனிந்தபடியே. “இப்ப விட்டா எல்லாம் போயிரும்.”

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

“அம்மா, நான் வெளிய வந்துரவா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

உடனே ஆரம்பித்தார்கள். உண்மையாகவா சொல்கிறாய் என்றார் என் நாத்தனார். நன்றாக யோசித்தாயா என்றார் சம்பந்தி. இத்தனை பேர் முன்னால் பெற்றவளை அழவைக்கிறாயே என்றார் இன்னொருவர். நான் ஒன்றும் அழவில்லை. தட்டு மாற்றியாயிற்று, இனி முடியாது என்றார்கள். எந்தக் கடவுள் போட்ட பூட்டு அது? அவர்கள் தந்த தட்டை, பட்டுப்புடவை பூ பழத்தோடு, அப்படியே எடுத்துப்போய்ச் சம்பந்தியம்மா கையில் வைத்தேன்.

“மன்னிச்சுக்குங்க அக்கா. எம்பொண்ணுக்கு வேணாம்.”

அவர் கண் கலங்கி எங்கள் தட்டைத் திருப்பிக் கொடுத்தார். பாவம், அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அப்பா நாற்காலியை விட்டு எழுந்து எங்கள் பக்கம் வந்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எங்களைத் தாண்டிப் போய் மாப்பிள்ளையிடம் நின்று, வடக்கு வாசல் தப்பித்ததா என்று கேட்டார்.