கொட்டேஜ் இல்லாதவர்கள் ஹூரன் ஏரிக்குப் போன கதை

சின்னப் பிள்ளைகளோடு ரொறன்ரோவிலிருந்து ஒரே ஒரு இரவு தங்கிவர எங்கே போகலாம் என்று போன கிழமை ஒரு வாசகி கேட்டிருந்தார். நயாகரா என்று எழுதிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அது எல்லாருக்கும் தெரிந்த இடம். நான் ஹூரன் கவுண்டியைச் சொல்வேன். மேற்கே மூன்று மணி நேர ஓட்டம், வழிநெடுகச் சோளம், முடிவில் கடல் மாதிரி ஓர் ஏரி.

நான் முதன்முதலில் அங்கே போனது 1995 ஆகஸ்ட் மாதக் கடைசிச் சனி, ஞாயிறு. அப்போது நாங்கள் பார்க்டேலில் பதினோராம் மாடியில், ஒற்றைப் படுக்கையறை அப்பாட்மென்டில் இருந்தோம். என் கணவருக்கு (இனி ‘இவர்’) ஞாயிறு இரவு தொடங்கி வெள்ளி காலை வரை பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இரவு வேலை. சனி, ஞாயிறு பகலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுவார். மகள் தர்சினிக்கு ஒன்பது வயது, மகன் கபிலனுக்கு ஐந்து. கனடாவுக்கு வந்து ஆறு வருடமாகியும் நாங்கள் பார்த்த சுற்றுலாத் தலங்கள் இமிகிரேசன் கந்தோரும் கோயிலும்தான்.

பயணத்துக்குக் காரணம் தர்சினி. அதற்கு முந்தைய நவம்பரில் பள்ளிக்கூடத்தில் ரீச்சரைச் சந்திக்கப் போயிருந்தேன். “உங்கள் கொட்டேஜைப் பற்றி மகள் எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாள்!” என்றார் ரீச்சர். கோடை விடுமுறைக்குப் போய்த் தங்க ஏரிக்கரையில் சொந்த மரவீடு, சிவப்புப் படகு, தகப்பன் மகளுக்கு நீச்சல் பழக்குகிறார். நான் என்ன செய்ய? பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு வந்தேன். ஸ்ரீட்காரில் வரும்போதுதான் பிள்ளையைப் பிடித்தேன்.

“எல்லாரும் எங்கையாவது போனவை, அம்மா. ஐ ஹாட் நதிங் டு றைற், எழுத ஒண்டும் இருக்கேல்லை. அதான்.”

“அதுக்காகப் பொய் எழுதுறதோ?”

“மிச்சமெல்லாம் பொய்தான். அப்பா நீச்சல் பழக்கினது மட்டும் பொய் இல்லை, நான் கனவிலை கண்டனான்.”

அடுத்த செப்டெம்பரில் இவள் உண்மையாக ஒரு கட்டுரை எழுத வேண்டும், அதில் தகப்பன் இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். இவர் லேசில் மசியவில்லை. “லீவு கேட்டால் அடுத்த கிழமை வேறை ஆளை வைச்சிருப்பான், நீர் விளங்காமல் கதைக்கிறீர்” என்றார். “ரெண்டு நாள் கோப்பை கழுவாட்டில் ஆரும் சாகமாட்டினம்” என்றேன். ஒன்பது மாதம் இழுபட்டு, ஒருவழியாக ஆகஸ்டில் லீவு கிடைத்தது.

இணையமெல்லாம் எங்களுக்கு ஏது? நூலகத்தில் ஒரு சுற்றுலாக் கையேடு எடுத்து, தொலைபேசியில் ஒரு பண்ணைவீட்டில் அறை பிடித்தேன். ஓர் இரவுக்கு ஐம்பது டொலர், காலைச் சாப்பாட்டோடு. கதைத்த பெண்மணியின் பெயர் ஹெலன். “எங்கள் வீட்டில் தங்குவதில் எங்களுக்கு மகிழ்ச்சி” என்றார். அந்த ஒரு வசனம்தான் எங்களைக் கவிழ்த்தது.

ஒருவர் வீட்டுக்குப் போகிறோம் என்றால் வெறுங்கையோடு போகலாமா? வெள்ளி இரவே நாற்பது மீன் ரோல்ஸ் பொரித்தேன். ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு டின் பிஸ்கற், அந்த அம்மாவுக்கு ஒரு சால்வை. எங்கள் உடுப்பை விட அவருக்கான பைதான் பெரிதாக இருந்தது.

சனி காலை 7.20க்கு வெளிக்கிட்டோம். 401 எடுத்து மேற்கே போய், கிச்சினரில் எட்டாம் இலக்க நெடுஞ்சாலைக்கு மாறினால் பிறகு அதே தெருதான். 9.50க்கு ஸ்ட்ராட்ஃபோர்டில் ஆற்றங்கரையில் புளிச்சாதப் பார்சலைப் பிரித்தோம். அன்னங்கள் கிட்ட வந்து மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. மிச்சல், சீஃபோர்த், கிளின்ரன் என்று ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்தில் முடிகிற ஊர்கள். கிளின்ரனில் ரயில் பெட்டிக்குள் நடந்த பழைய பள்ளிக்கூடம் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மடியில் வரைபடத்தை விரித்து வழி சொன்னது நான், அதைக் கேட்காமல் ஓட்டியது இவர். அதனால் 222 கிலோமீற்றர் தூரம் 241 ஆயிற்று. இருபத்திரண்டு டொலர் பெற்றோல் போக வரப் போதுமாயிருந்தது. ஏசி இல்லாத கார், நாலு கண்ணாடியும் இறக்கி, கசெற்றில் பாட்டைக் கூட்டிவிட்டு வந்த அந்தக் காற்று இப்போதைய வண்டியில் இல்லை.

பண்ணைவீடு கோட்ரிச் நகரத்துக்குத் தெற்கே பன்னிரண்டு கிலோமீற்றர். 11.45க்குப் போய்ச் சேர்ந்தோம். ஹெலனுக்கு அறுபது வயதிருக்கும், கணவர் வயலில். பையைக் கொடுத்தேன். அவர் ரோல்ஸையும் சால்வையையும் பார்த்து, “இது எதற்கு?” என்று மூன்று தரம் கேட்டார். எங்கள் ஆட்களும் அப்படித்தானே கேட்பார்கள், நான் பெரிதாக எடுக்கவில்லை.

பிறகு முன்னறையில் இருந்தோம். இருந்தோம் என்றால், இருந்தே விட்டோம். ஒரு வீட்டுக்குப் போய், வந்ததும் வராததுமாக ஊர் பார்க்க ஓடினால் அந்த வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? முதலில் நாலு கதை கதைக்க வேண்டும். ஹெலன் தேநீர் தந்தார். பிறகு எழும்பிப் போனார், திரும்பி வந்து எட்டிப் பார்த்தார், இன்னும் இருக்கிறோம். பாவம், பசி என்று நினைத்து சான்ட்விச் செய்து தந்தார். மனுசி விருந்தோம்புகிறா என்று நாங்கள் இன்னும் நன்றாகச் சாய்ந்து இருந்தோம். சுவரிலிருந்த குடும்பப் படங்களிலுள்ள அத்தனை பேரையும் விசாரித்தேன். இவருக்கு நித்திரையில் தலை ஆடத் தொடங்கியது. தர்சினி என் காதுக்குள், “அம்மா, லேக் எங்கை? ஏன் இந்த வீட்டிலை இருக்கிறம்?” என்றாள். “சத்தம் போடாதை, மரியாதை இல்லை” என்றேன்.

மூன்று மணிக்கு ஹெலன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “நீங்கள் ஏரியைப் பார்க்க விரும்பவில்லையா?”

காசு கொடுத்துத் தங்குகிறவர்கள் வீட்டுக்காரரோடு குந்தியிருக்கத் தேவையில்லை என்று அன்றுதான் தெரிந்தது. வெட்கத்தோடு காரில் ஏறினால், கோட்ரிச் போவதற்குள் மழை பிடித்துவிட்டது. நகர நடுவிலுள்ள எட்டு மூலைச் சதுக்கத்தைக் காருக்குள் இருந்தபடி இரண்டு தரம் சுற்றினோம். எட்டு மூலையில் கட்டிய பழைய சிறை ஒன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. இவர் வாசலைப் பார்த்துவிட்டு, “காசு குடுத்து உதுக்குள்ளை போக வேண்டாம், ஊரிலை நான் காசில்லாமலே உள்ளை இருந்தனான்” என்றார். ஐந்தரைக்குத் திரும்பிவிட்டோம். சனிக்கிழமை என் கண்முன்னே கரைந்து போனது, எல்லாம் என் மரியாதையால். அன்றிரவு தர்சினி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஞாயிறு வெயில் எறித்தது. சோளக் கதிர்கள் மழைநீர் சொட்டச் சொட்ட நின்றன. ஹெலன் அப்பம் மாதிரிப் பான்கேக்கும் மேப்பிள் பாகும் தந்தார், எங்கள் ரோல்ஸையும் சூடாக்கி மேசையில் வைத்திருந்தார். அவருடைய கணவர் ஏழு சாப்பிட்டார். பத்தரைக்குக் கோட்ரிச் கடற்கரையில் நின்றோம். ஏரிதான், ஆனால் மறுகரை தெரியாது. நான் இன்றைக்கும் கடற்கரை என்றுதான் சொல்வேன். இரவு பதினொரு மணிக்கு இவர் வேலையில் நிற்க வேண்டும், அதற்கு முன் வீட்டில் கொஞ்சம் படுக்கவும் வேண்டும். ஆக எங்களுக்கு இருந்தது நாலு மணி நேரம்.

“அப்பா, தண்ணிக்குள்ளை வாங்கோ!”

“ஓம் பிள்ளை, வாறன். ஒரு அஞ்சு நிமிசம் சாய்ஞ்சிட்டு வாறன்” என்று பெட்சீற்றை விரித்தார் இவர்.

சாய்ந்தவர் எழும்பவேயில்லை. வாய் திறந்தபடி, ஒரு கால் மணலுக்குள், சப்பாத்தும் கழற்றாமல் நித்திரை. பதினொன்றரைக்குத் தட்டினேன், “ம்” என்றார். பன்னிரண்டுக்கும் தட்டினேன், அந்த “ம்” கூட இல்லை. பிள்ளைகள் தண்ணீருக்குள் கூச்சல். பழக்கதோஷத்தில், “சத்தம் போடாதையுங்கோ, அப்பா நித்திரை” என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பம் என்னைத் திரும்பிப் பார்த்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்பது மாதமாகக் கெஞ்சிக் கூட்டி வந்த மனிதர் மணலில் குறட்டை விடுகிறார். உலுக்கி எழுப்பலாம் என்று தோளைப் பிடித்தேன். ஈரத்தோடு ஓடி வந்த தர்சினி என் கையைத் தட்டிவிட்டாள்.

“விடுங்கோ அம்மா. லீவ் ஹிம்.”

முகத்தில் கோபமா, கவலையா, ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு தடியை எடுத்துக்கொண்டு தகப்பனுக்குப் பக்கத்தில் குந்தி, ஹெலன் கட்டித் தந்த மிச்ச ரோல்ஸின் மணத்துக்கு வந்த கடற்பறவைகளைத் துரத்தினாள். தம்பிக்காரனும் வந்து சேர்ந்தான். பறவைகளை விட இவர்களின் கூச்சல்தான் பெரிது. இரண்டரைக்கு இவர் எழும்பி, மணியைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “என்னை எழுப்பியிருக்கலாமே, பிள்ளை?” என்று கேட்டார். அவள் தோளைக் குலுக்கினாள். கசெற்றும் போடாமல் வீடு வந்து சேர்ந்தோம். போன காரியம் கெட்டது என்றுதான் நினைத்தேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். வீட்டில் தங்கினால் சாவியை வாங்கிக்கொண்டு உடனே வெளிக்கிடுங்கள், ஒருவரும் குறை நினைக்கமாட்டார்கள். சதுக்கத்தைக் கால்நடையாகச் சுற்றுங்கள், சனிக்கிழமைகளில் சந்தை கூடும். ஆகஸ்ட் கடைசியில் சூரியன் எட்டு மணியளவில் விழும். கீழே கரையில் ஒருதரம் பார்த்துவிட்டு, படியேறி வெளிச்சவீட்டடிக்கு ஓடினால் இன்னொரு தரமும் பார்க்கலாம் என்று ஹெலன் சொன்னார், பின்னொரு வருடம் ஓடிப் பார்த்தோம், உண்மைதான். கரையில் கல் அதிகம், பிள்ளைகளுக்குத் தண்ணீருக்குள் போடும் சப்பாத்து வேண்டும். மழைக்கு ஒரு நாளை விட்டுவைத்து இரண்டு இரவாகப் போவது நல்லது.

இனி அந்தக் கட்டுரை. நவம்பரில் ரீச்சர் மறுபடி கூப்பிட்டு, கொப்பியை என் முன்னால் திறந்து வைத்தார். தர்சினி இப்படி எழுதியிருந்தாள்:

“எங்களுக்குக் கொட்டேஜ் இல்லை. நாங்கள் ஒரு ஏரிக்குப் போனோம். என் அப்பா அங்கே மூன்றரை மணித்தியாலம் நித்திரை கொண்டார். எங்கள் வீட்டில் அப்பா பகலில் நித்திரை கொள்ளும்போது நானும் தம்பியும் சத்தமில்லாமல் நடக்க வேண்டும், ரீவியைச் சத்தமில்லாமல் பார்க்க வேண்டும், சிரிப்பு வந்தால் குளியலறைக்குள் போய்ச் சிரிக்க வேண்டும். ஏரியில் நாங்கள் எவ்வளவு கத்தியும் அவர் எழும்பவில்லை. நான் முதல்தரம் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து சத்தமாகச் சிரித்தேன். இது என் வாழ்க்கையிலேயே நல்ல நாள்.”

வீட்டுக்கு வந்து இவருக்கு அதைத் தமிழில் சொன்னேன். வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவேயில்லை. மறுநாள் பின்நேரம் பிள்ளைகள் வழக்கம்போல நுனிக்காலில் வந்தபோது, அறைக் கதவு சாத்தாமல் கிடந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது: “கத்துங்கோடா, நான் நித்திரைதான்.”