மறுகால் பாய்ந்த வருஷம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு குழாயைப் பார்த்தால் அது எங்கே போய் முடிகிறது என்று தெரிந்தாக வேண்டும். ராஜபாளையத்தில் நூற்பாலை ஃபிட்டராக இருப்பதால் வந்த பழக்கமா, இந்தப் பழக்கத்தால்தான் ஃபிட்டர் ஆனேனா, தெரியவில்லை.

என் மனைவிக்கு வேறொரு பழக்கம். சண்டை முற்றினால், ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையைக் கை காட்டுவாள். “இந்த ஓடையப் பிடிச்சு நடந்தா எங்க ஊரு வந்திரும். போயிருவேன், பாத்துக்கோங்க.”

அவள் ஊர், வைப்பாறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய மீனவர் ஊர். ராஜபாளையத்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்தவள். மிஷினில் விரலைக் கொடுத்துவிட்டுப் போய் நின்ற எனக்குக் கட்டுப் போட்டாள். கட்டுப் பிரிப்பதற்குள் விஷயம் முற்றிவிட்டது. கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணுக்கு இந்து மாப்பிள்ளை என்றதும் அவள் அப்பா, “எனக்கு மகளே இல்ல” என்று சொல்லிவிட்டார். எட்டு வருஷமாகப் பேச்சில்லை. போன் செய்தால் எடுக்கமாட்டார். அம்மா முன்பே இறந்துவிட்டதால் நடுவில் நின்று பேசவும் ஆளில்லை.

அந்த வருஷம் நல்ல மழை. ஓடை சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. “இது நெசமாவே உங்க ஊருக்குத்தான் போகுதா?” என்று கேட்டேன்.

“போகும்னு சொல்லுவாங்க. யாரு பாத்தா?”

போனில் வரைபடத்தைத் திறந்தேன். நீலக்கோடு கொஞ்ச தூரம் போய் மெலிந்து, எங்கேயோ காணாமல் போனது. எனக்கு அது போதாதா? “நடந்து பாத்திருவமா?” என்றேன்.

“நடந்து போயி, எங்கப்பா மூஞ்சியில அடிச்சாப்ல கதவச் சாத்துனா?”

“ஓடை எங்க போகுதுன்னாவது தெரிஞ்சிரும்ல.”

கரண்டியை ஓங்கினாள். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள்.

எதையும் முதலிலிருந்து பார்க்கவேண்டும் என்று, ஓடை மலையிலிருந்து இறங்கும் செண்பகத்தோப்புக்கு நான்தான் கூட்டிப்போனேன். வனத்துறை ஆள் மறித்தார். “எங்க போறீய?”

“கடலுக்கு.”

எங்களை மேலும் கீழும் பார்த்தார். “கடலு கெழக்கல்லா இருக்கு? மலையில என்ன சோலி?” விளக்கிச் சொன்னதும் சிரித்துவிட்டு, ஆட்கள் குளிக்கிற இடம் வரைக்கும் விட்டார்.

அங்கிருந்து இறங்கத் தொடங்கினோம். இருபுறமும் சரிவில் மரங்கள் நெருங்கி, வெயில் தரையைத் தொடவே இல்லை. மருத மரத்து வேர்கள் பாறையைக் கவ்விக்கொண்டு நின்றன. தலைக்கு மேலே பூனை அளவு மலையணில் ஒன்று எதையோ கடித்துத் துப்பியது. எந்தப் பாறைக்கு அடியில் தண்ணீர் நுழைகிறது, எங்கே வெளியே வருகிறது என்று நான் குனிந்து குனிந்து பார்த்தேன். அவள் ஒவ்வொரு வளைவிலும் விரலை நனைத்து நாக்கில் வைத்துக்கொண்டாள். “சப்புன்னு இருக்கு. மலைத்தண்ணி மலைத்தண்ணின்னு இதத்தான் பெரிசா பேசுதீங்களாக்கும்” என்றாள்.

இரண்டாம் ஞாயிறு, ஓடை ஒரு கண்மாய்க்குள் போய் விழுந்து முடிந்துபோனது. அந்தப் பக்கம் வயல்தான். அவள் முகம் செத்துவிட்டது. கரையில் மண்வெட்டியோடு நின்றவரிடம் கேட்டோம்.

“கம்மா நெறையலன்னா இம்புட்டுத்தான். நெறஞ்சா மறுகால் பாயும். நாலஞ்சு வருசமாப் பாயல. இந்த வருசம் பாயுது, அந்தா அந்தக் கலுங்குல போய்ப் பாருங்க.”

கரைமேல் ஓடினாள். கலுங்கின் கல்சுவரைத் தாண்டி, இரண்டு விரல் தடிமனுக்குத் தண்ணீர் வழிந்து கீழே போய்க்கொண்டிருந்தது. “போகுதுங்க, போகுது!” என்று கத்தினாள். எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. தண்ணீர் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே போய் இவளை அவர் உள்ளே விடாவிட்டால்?

பிறகு வந்த ஞாயிறுகளில், விட்ட இடத்துக்கு பஸ்ஸில் போவதும் நடப்பதும் திரும்புவதுமாக இருந்தோம். கரிசல் மண் காலில் அப்பி, ஆளுக்கு அரையடி வளர்ந்தோம். சீமைக்கருவேல முள் சட்டையைக் கிழித்தது. ஓடை ஆறாகி, ஆறு அகன்றுகொண்டே போனது. இருக்கன்குடிப் பக்கம் ஒரு பெண் எங்களைப் பார்த்து, “எந்தக் கோயிலுக்கு நேத்திக்கடன்?” என்று கேட்டாள். “எங்கப்பாவுக்கு” என்றாள் இவள், நிற்காமல்.

ஒன்பதாம் ஞாயிறு மதியம் காற்றில் உப்பு வந்தது. ஆற்றின் கடைசிக் கிளையைக் கடக்கும்போது அவள் செருப்பில் ஒன்றைத் தண்ணீர் இழுத்துப் போய்விட்டது. அதைக்கூடக் கவனிக்காமல் முன்னால் போனாள்.

ஞாயிறு என்பதால் யாரும் கடலுக்குப் போகவில்லை. அவள் அப்பா படகுக்குப் பக்கத்தில் இன்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்தார். மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“என்ன சோலியா வந்தாளாம்னு கேளுங்க.”

சுற்றிலும் பார்த்தேன். வேறு யாரும் இல்லை. யாரை வேண்டாம் என்று மகளையே விட்டாரோ, அவனே இப்போது தூது.

இரண்டடி தள்ளி நின்றவள் சொன்னாள்: “அப்பாவப் பாக்க வந்தேன்னு சொல்லுங்க.”

சொன்னேன்.

“எந்த பஸ்ஸுல வந்தாளாம்?”

“நடந்து வந்தேன்னு சொல்லுங்க. மலையில இருந்து.”

ஒன்பது ஞாயிறாக நடந்தோம் என்பதையும் நானாகச் சேர்த்துச் சொன்னேன். அவர் ஸ்பேனரைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். அப்போதுதான் அவர் கண் அவள் காலில் விழுந்தது. சேறு அப்பிய பாதம், முள் கீறல்கள்.

“ஏட்டி, இன்னொரு செருப்ப எங்க?”

இந்தமுறை அவர் என் பக்கம் திரும்பவில்லை.

“ஆத்துல போயிருச்சுப்பா” என்றாள். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

அவர் ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப இங்கனதான் வந்து ஒதுங்கும். ரெண்டு நாளாவும். இருந்து எடுத்துட்டுப் போ.”