அம்மாவுக்காக நான் போட்ட கையெழுத்து

ஆரணிக்குப் பக்கத்தில், வீட்டுக்கு வீடு பட்டுத்தறி ஓடும் ஊர் எங்களுடையது. ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஆனதும் அப்பா அம்மாவைத் தேர்தலில் நிறுத்தினார். ஓட்டு கேட்கப் போன வீடுகளில் அம்மா ஒன்றைத்தான் சொன்னாள்: நம் தெருவுக்குப் பெண்கள் கழிப்பறை. விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் தெருப் பெண்கள் இருட்டிய பிறகுதான் ஏரிக்கரைப் பக்கம் போக முடியும். அதனால் தறியில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை தண்ணீர் குடிக்க மாட்டார்கள்.

அம்மா ஜெயித்தாள். ஊர் அப்பாவைத் 'தலைவரே' என்று கூப்பிட்டது. முதல் வருடமே எங்கள் வீட்டில் ஒரு கழிப்பறை கட்டினோம். அம்மா தெருவுக்கானதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அதற்கு ஒரு தீர்மானமும் எழுத வைத்தாள்.

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. கையெழுத்து மட்டும் நான் பழக்கியிருந்தேன். அதை மெதுவாகத்தான் போடுவாள். ஊராட்சி கிளார்க் தீர்மான நோட்டை வீட்டுக்கே கொண்டுவருவார். அம்மா தறிக்குழிக்குள் இருப்பாள்.

"ஜல்தி வா, கிளார்க்கு நின்னுகினு கீறாரு" என்பார் அப்பா.

"பாப்பா, நீயே போட்டுடு. நடுவுல எழுந்தா சேலையில புட்டா பூவு தப்பிப்பூடும்."

அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான்தான். அம்மாவின் கடைசி எழுத்து கொஞ்சம் கீழே சரியும். அதையும் அப்படியே போடுவேன். "எனுக்கே வித்தியாசம் தெரியலமா" என்று கிளார்க் சிரித்தார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

ஒரு நாள் காலை, பேருந்துக்கு நேரமாகிவிட்டது. தோளில் பையோடு நின்றபடியே மூன்று பக்கங்களில் கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை.

அடுத்த மாதம் பெரிய தெருவில் சிமெண்டு சாலைக்கு ஜல்லி கொட்டினார்கள். எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள்.

"அக்கா, கக்கூஸு இன்னா ஆச்சு?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"அந்தப் பணத்த ரோட்டுக்கு மாத்தியாச்சு. நீதான கையெழுத்து போட்டுகீற" என்றார் அவர். யார் போட்டது என்று அவருக்குத் தெரியும்.

"தலைவரம்மாவுக்கு இன்னா? அவுங்க ஊட்லதான் கட்டிக்கினாங்களே!" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

அம்மா என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பினாள். "ஆமா, நான்தான் போட்டேன்."

நான் கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அவர்கள் போன பிறகும் அம்மா திட்டவில்லை. "நீ படிச்சவளாச்சே பாப்பா. ஒரு தபா படிச்சிருக்கலாமே" என்றாள். அவ்வளவுதான்.

அதன் பிறகு நோட்டு வந்தால் புட்டா தப்பினாலும் தறியை விட்டு எழுந்து வந்தாள். வரி வரியாக என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தானே கையெழுத்துப் போட்டாள். ஆனால் அம்மா எத்தனை முறை கேட்டும் கழிப்பறை பற்றிய தீர்மானம் அந்த நோட்டில் மறுபடி வரவில்லை. அவள் பதவிக்காலமும் முடிந்துபோனது.

'பொம்பளைய ஒக்கார வெச்சோம், இன்னா கிழிச்சா?' என்று இப்போதும் தெருவில் பேசுகிறார்கள். அந்த நாலு பெண்களும்தான் பேசுகிறார்கள். நான் தினமும் அவர்களைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். கையெழுத்துப் போட்டது நான் என்று இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை.