கங்கு அடை விற்ற வருஷங்கள்

வீட்டுப் பண்டத்தைச் செய்து விற்கிறவளை அடுப்பைவிடச் சொந்தக்காரர்கள்தான் அதிகம் சுடுவார்கள். அப்படிப் பிழைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பேக்கரி அடுப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில், தாராவி தோல் பட்டறையில் என் வீட்டுக்காரரின் வலது கை மிஷினில் நசுங்கியது. மூன்று பிள்ளைகள். என் கைவசம் இருந்தது மாமியார் கற்றுக்கொடுத்த கங்கு அடைதான். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கைப் பொடியாக நறுக்கி வதக்கி, மிளகாயும் மிளகும் சேர்த்து அடித்த முட்டையில் கலந்து சட்டியில் ஊற்றி, மேலும் கீழும் நெருப்புக் கங்கு போட்டு வேகவைப்பது. மாமிக்கு அவருடைய உம்மா சொல்லிக்கொடுத்தது. நோன்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான் செய்வார்கள்.

மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் ஒற்றை அறையில் இருந்தது மண்ணெண்ணெய் ஸ்டவ். கங்குக்கு எங்கே போக? கலவையை ஒரு தட்டில் ஊற்றி, பாவ் ரொட்டி சுடும் பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். முட்டை வாடை ரொட்டியில் ஏறும் என்று முதலாளி முகம்கொடுக்கவில்லை. ரொட்டி எடுத்தபிறகு இருக்கும் மிச்சச் சூடு போதும் என்று தெரிந்த ஹிந்தியில் கெஞ்சினேன். வெந்ததும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். நின்றபடியே தின்றார். நாளைக்கும் கொண்டுவரச் சொல்லி அவர் பேசியது ஒரே வரிதான்: "பாபி, கல் பீ லானா."

நாத்தனார் வந்த நாள்

மெகர் என் வீட்டுக்காரரின் தங்கை. விக்ரோலியில் இருந்தாள், அவள் புருஷனுக்குக் கம்பெனி வேலை. நான் பட்டறை வாசல்களில் அடை விற்பது காதுக்கு எட்டி, ரயிலேறி வந்துவிட்டாள். உட்காரவில்லை. "எங்க உம்மா உங்கள நம்பிச் சொல்லித் தந்தாங்க, மதினி. தெருவுல போறவன்லாம் வாங்கித் திங்கவா?"

கட்டுப்போட்ட கையோடு பாயில் கிடந்தவர் கேட்டார்: "அவ விக்கலேன்னா நாங்க எதத் திங்க?"

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இனிமே இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

செம்பூர்க்காரர்

செம்பூரிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வந்து வாங்குகிறவர் ஒரு வாரம் மிளகாய் இல்லாமல் கேட்டார். அவருடைய உம்மா படுத்த படுக்கை. வாயில் எதுவும் இறங்கவில்லை, அவரும் எங்கள் ஊர்ப்பக்கத்து மனுஷிதான், இதையாவது தின்பார் என்றார். தனியாகச் செய்து கொடுத்தேன்.

அடுத்த வாரம் தட்டைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தார். உம்மாவின் மையித்து அடக்கம் ஆகிவிட்டது என்றார். பிறகு சொன்னார்: "ஓரம் வேண்டாம், நடுவுல மெத்துன்னு இருக்கிறதக் குடுன்னு வாய் திறந்து கேட்டாங்க. எங்க உம்மா கடைசியா கேட்டது அதுதான்."

மறுபடியும் மெகர்

சில வருஷங்களில் மெகர் புருஷனின் கம்பெனி மூடிவிட்டது. ஒருநாள் காலையில் அவள் எங்கள் வாசலில் நின்றாள், ரொம்ப இளைத்து. உள்ளே வா என்றேன். தயங்கித் தயங்கித்தான் வந்தாள். "காய் நறுக்கவாவது என்னச் சேத்துக்கிடுங்க, மதினி" என்றாள். பழைய பேச்சு நெஞ்சில் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் அரிவாள்மனையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

வெகுநேரம் குனிந்த தலை நிமிராமல் நறுக்கினாள். நான் முட்டை கலக்கும்போது கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "உம்மா மிளகு இன்னும் கொஞ்சம் போடுவாங்க."

அன்றிலிருந்து மிளகு கூடத்தான் போடுகிறோம். அந்த அளவு சரியா தப்பா என்பது மட்டும் எங்கள் இருவருக்குள் இன்றுவரை முடிவாகவில்லை.