அக்காவின் மூக்குக்கண்ணாடி

அந்தத் தெருவில் அக்காள் தங்கை இருவரையும் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. மூத்தவள் பெரியவள், இளையவள் சின்னவள். இருவருக்கும் தலை நரைத்த பிறகும் அதுவே நிலைத்தது. மழைக்காலத்தின் தொடக்கத்தில் நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்குப் போன பெரியவள் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து சின்னவளுக்கு ஓரிடத்திலும் இருப்புக் கொள்ளவில்லை.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போவாள். வாசலுக்கு எதற்கு வந்தோம் என்று யோசிப்பதற்குள் பால் பொங்கி வழிந்திருக்கும். துடைத்த மேசையையே மறுபடியும் துடைப்பாள். துக்கம் கேட்க வந்தவர்கள், "மனசைத் தேத்திக்கம்மா, போனவங்க வரவா போறாங்க?" என்று சொல்லி உட்காரும்போதே, "டீ போடறேன்" என்று இவள் எழுந்துவிடுவாள். ஜன்னலோரத்து நாற்காலி பெரியவளுடையது. அதை யாராவது நெருங்கினால், "அது ஆடும், இங்க உக்காருங்க" என்று கட்டிலைக் காட்டுவாள். நாற்காலி ஆடியது என்னவோ உண்மைதான்.

மருத்துவமனையில் கொடுத்த பைக்குள் பெரியவளின் மூக்குக்கண்ணாடி இருந்தது. சின்னவளே தன் கையால் லென்ஸ் தேய்த்துப் பொருத்திக் கொடுத்தது. ஒரு மாலை அதைச் சும்மா எடுத்து மாட்டிப் பார்த்தாள். அறை முழுவதும் கலங்கித் தரை ஒரு பக்கம் சரிந்தது. ஜன்னலோரத்து நாற்காலியில் ஆள் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. அந்தத் தெரியாமை அவளுக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது. தன் கண்ணாடியை உறையில் போட்டுக் கைப்பைக்குள் வைத்தாள். தலைவலி வந்தது, அது பழகிவிட்டது. வெறும் நாற்காலிதான் பழகவில்லை.

அதே கண்ணாடியோடுதான் வேலைக்கும் போனாள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவதும், பொருத்தியதைப் பவர் பார்க்கும் கருவியில் வைத்துச் சரிபார்ப்பதும் அவள் வேலை. அந்தக் கருவியை, பார்ப்பவரின் பார்வைக்கு ஏற்ப முதலில் திருகி வைக்கவேண்டும். இந்தக் கடையில் அது எப்போதும் சின்னவளின் பார்வைக்கே வைக்கப்பட்டிருந்தது. வேறு ஆள் உட்கார்ந்தால் மாற்றித் திருக வேண்டும் என்பதைப் புதிதாகச் சேர்ந்த எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். இப்போது அக்காவின் கண்ணாடியோடு அங்கே உட்கார்ந்திருப்பதும் வேறு ஆள்தான் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

லென்ஸ் உறையின் மேலிருந்த எண்ணை ஒருநாள் மாற்றிப் படித்தாள். அந்தத் தவற்றைப் பிடித்துத் தர வேண்டிய கருவியும் அவளோடு சேர்ந்து பொய் சொன்னது.

மறுநாள் காலை ஒரு பஸ் ஓட்டுநர் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இதை மாட்டினா முன்னாடி போற வண்டி ரெண்டா தெரியுது சார். எந்த வண்டிக்கு ஹார்ன் அடிக்கிறதுன்னே புரியல."

கண் பரிசோதிக்கும் பெண் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். கடையில் அவளை எல்லோரும் கேலியாக டாக்டரம்மா என்பார்கள். அவள் முகம் மாறியது. முதலாளி பின்னறைக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, பஸ் ஓட்டறவரு இவரு. பின்னாடி எத்தனை உசிரு உக்காந்திருக்கு! இப்படிப் பண்ணினா உன்னை நம்பி எப்படி மெஷின்ல உக்கார வைக்கிறது?"

வீட்டில் இருக்க முடியாத சின்னவளுக்கு மிஞ்சியிருந்தது கருவியின் முன்னாலிருந்த அந்த ஒரு ஸ்டூல்தான். அதுவும் போனால் எங்கே போவாள்?

"சார், நீங்க அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்க" என்று முதலாளியை வெளியே அனுப்பிவிட்டு, டாக்டரம்மா சின்னவளின் மூக்கிலிருந்த கண்ணாடியை உருவினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"புது பிரேம்னு சொன்னே. லென்ஸ் உன்னுது இல்லையேடி. யாரோடது?"

கேட்டு முடிப்பதற்குள் கேட்டவளுக்கே புரிந்துவிட்டது. டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துப் பரிசோதனை அறைக்குக் கூட்டிப்போய், உயரமான நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்தாள்.

"எனக்கு வேலை கிடக்கு, விடு."

"அசையாம இரு. கண்ணை எந்த அளவுக்குக் கெடுத்து வச்சிருக்கேன்னு பாக்கணும்."

விளக்கு அணைந்தது. எதிர்ச் சுவரில் எழுத்துகள் ஒளிர்ந்தன.

"இது நல்லா தெரியுதா, இல்ல இதுவா?"

"முதல்லது."

"இப்ப? இதுவா, அதுவா?"

"ரெண்டும் இல்ல" என்றாள் சின்னவள். "எதுவுமே நல்லா இல்லடி."

டாக்டரம்மா லென்ஸைக் கீழே வைத்தாள். "கண்ல தண்ணி நின்னா பவர் சரியா வராது. முதல்ல அழுது முடி. நான் எங்கயும் போகல."

வெளியே முதலாளி கதவருகே வருவதும் போவதுமாக இருந்தார். "ஆச்சா?" என்றார்.

"ஆகல. உள்ள ஆள் இருக்கு!"

தேற்றிக்கொள் என்றவர்கள் பலர். அழுது முடி என்றவள் இவள் ஒருத்திதான். சின்னவள் நிதானமாக அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். அவள் பவர் மாறவே இல்லை. கைப்பைக்குள் கிடந்த பழைய கண்ணாடியே போதும்.

"அவளோடது என்கிட்ட இருக்கட்டும்" என்று டாக்டரம்மா பெரியவளின் கண்ணாடியைத் தன் மேசை இழுப்பறையில் வைத்தாள். "பாக்கணும்னா கேளு, எடுத்துத் தர்றேன். போட்டுக்க மட்டும் தரமாட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன்."

சின்னவள் தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டுநரின் கண்ணாடியைப் புதிதாகச் செய்தாள். சமீபத்தில் செய்து வெளியே போனவற்றையும் ஒவ்வொன்றாக வரவழைத்துப் பார்த்துவிடுவதாக முதலாளியிடம் அவளே சொன்னாள். அவர் அந்த ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். "பின்ன, நானா பாக்கப்போறேன்?"

ஓட்டுநர் மாட்டிக்கொண்டு தெருவை எட்டிப் பார்த்தார். "இப்ப ஒரு வண்டிதான் சார்" என்று சிரித்தார்.

வீட்டில் நாற்காலி தெளிவாகத் தெரிந்தது. கைப்பிடியில் தேய்ந்த இடம், முதுகு பட்டுக் கறுத்த பலகை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவள் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாள். மங்கலாகத் தெரிந்தபோதே நன்றாக இருந்தது என்றுகூடத் தோன்றியது.

டாக்டரம்மா வந்தாள், கேட்காமலேயே நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "அதுல…" என்று தொடங்கினாள் சின்னவள்.

"என்னடி இது, இந்த ஆட்டம் ஆடுது?"

"அவளும் தினம் இதையேதான் கேப்பா." சின்னவள் பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள். "எந்திரி, முடுக்கித் தர்றேன்."

"கண்ணாடி முடுக்கற திருப்புளியால நாற்காலி முடுக்கறவளே, இப்பத்தான் உக்காந்தேன். ஆடிட்டுப் போகட்டும். நீ முதல்ல உக்காரு."

"டீ…"

"அப்புறம்."

சின்னவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கால் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. எழுந்திருக்கவில்லை.